பகான் படம் போட்டீங்க, அது எப்படி எடுத்த படம்னும் சேர்த்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நடுப்பக்கம் ரெண்டையும் சேர்த்து பர்மாவோட பகான் கோயில் படங்கள் போட்டிருந்தீங்க. பேப்பர் வந்ததும் முதல்ல நான் பிரிச்சுப் பாத்தது அதைத்தான், பிரிண்டிங் ரொம்ப நல்லா வந்திருந்துச்சு, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா நடுவுல பெருசா போட்டீங்களே அந்தப் படம், இருட்டுக் கோயிலுக்குள்ள மேல இருந்து வெளிச்சம் குழாய் மாதிரி இறங்குது, செங்காவி உடுத்துன சின்னப் பையன் ஒருத்தன் மெழுகுவர்த்தியைப் பிடிச்சுக்கிட்டு அதுக்கு நடுவுல உக்காந்திருக்கான், கீழ நீங்க எழுதியிருந்த வரியைப் படிச்சா அங்க தினமும் நடக்கிற பிரார்த்தனையை யாரோ அந்தப் பக்கம் போனவரு பாத்து எடுத்த மாதிரி இருக்கு. அதைப் படிச்சதுல இருந்து மனசு சரியில்ல. அதுக்காகத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாத்தான் போகும், நீங்க வெட்டிப் போட்டாலும் பரவாயில்ல, நீங்களாவது முழுசா படிங்க.

நான் திருச்சியில 22 வருஷமா கல்யாண போட்டோ எடுக்கிறவன். உங்க நடுப்பக்கத்துல வந்த படம் மாதிரியே ஒண்ணு என் ஸ்டூடியோ சுவத்துலயும் மாட்டியிருக்கு, நான் எடுத்ததுதான், 2020 ஜனவரில. அதே மாதிரி வெளிச்சம், அதே மாதிரி பையன். அதனால அந்தப் படம் எப்படி வருதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

எங்க அப்பாயி பர்மாவுல இருந்து 1964ல கப்பல்ல வந்தவங்க, ரங்கூனைத் தாண்டி எதையும் பாத்தது கிடையாது, ஆனா பகான் பகான்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அதனால ஃபீல்டுல இருக்கிற நாலு பேர் சேர்ந்து போகலாம்னு முடிவானப்போ நான்தான் பகான்னு சொன்னேன். போட்டோ டூர்னு ஒரு ஏற்பாடு, கைடு, வண்டி, எந்தக் கோயில்ல எத்தனை மணிக்கு வெளிச்சம் விழும்னு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. நான் சொல்லப்போறது அதுல ஒரே ஒரு நாள்.

விடியக்காலை 5 மணிக்குக் கிளம்பினோம். நல்ல குளிரு, ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியல. முன்னாடியெல்லாம் பெரிய கோயில்கள் மேல ஏறி நின்னு சூரிய உதயம் எடுப்பாங்க, 2016 ஆகஸ்ட்ல வந்த நிலநடுக்கத்துல நூத்துக்கணக்கான கோயில்களுக்கு சேதம் ஆயிடுச்சு, அதுக்கப்புறம் மேல ஏற விடறதில்ல. பதிலுக்கு அங்கங்க மண்ணைக் கொட்டி மேடு கட்டி வெச்சிருக்காங்க, அதுல நின்னுதான் எல்லாரும் எடுக்கணும். உங்க ரெண்டாவது படம் ஒரு கோயில் மாடத்துல நின்னு எடுத்ததுன்னு பாத்தாலே தெரியுது, ஃப்ரேமோட ஓரத்துல செங்கல் விளிம்பு இருக்கு. எடுத்த வருஷத்தைப் போட்டிருந்தா வாசகருக்கும் புரிஞ்சிருக்கும், போடாததால இன்னைக்குப் போறவன் நானும் ஏறுவேன்னு நிப்பான். 900 வருஷத்துச் செங்கல் சார் அது.

மேட்டுல நின்னு பாத்தா என்ன தெரியும்னு சொல்லியே ஆகணும். முதல்ல ஒண்ணுமே தெரியாது, கீழ பனி மூட்டமும் அடுப்புப் புகையும் கலந்து வெள்ளையா கிடக்கும். அப்புறம் ஒவ்வொரு கோபுரமா தலையை நீட்டும், பத்து, அம்பது, நூறு, எண்ணவே முடியாது, மொத்தம் 3,500க்கு மேல இருக்கு. இடையில நம்ம ஊரு பனைமரமேதான், அச்சு அசல். சூரியன் வந்ததும் பலூன்கள் கிளம்பி வரிசையா தலைக்கு மேல போகுது, அந்த நெருப்பு ஊதுற சத்தம் மட்டும் புஸ் புஸ்னு கேக்குது. நாலு பேருமே அரை மணி நேரத்துல முன்னூறு நானூறு படம் எடுத்திருப்போம், அதெல்லாம் எல்லாருகிட்டயும் இருக்கிற படம்தான், விடுங்க.

இப்ப நடுப்பக்கத்துப் படத்துக்கு வர்றேன். 10 மணிக்கு எங்களை ஒரு சின்னக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, பேர் கூட கிடையாது, வாசல்ல நம்பர் மட்டும் போட்டிருந்துச்சு, அங்க நிறைய கோயிலுக்கு அப்படித்தான். உள்ள ரெண்டு பசங்க ஏற்கனவே உக்காந்திருந்தாங்க, ஒருத்தனுக்கு ஒம்பது வயசு இருக்கும், இன்னொருத்தன் அதைவிடச் சின்னவன். ரெண்டு பேரும் நிஜமாவே மடத்துல இருக்கிற பசங்கதான், அதுல பொய் இல்ல. மேல ஒரு ஓட்டை வழியா வெயில் விழ ஆரம்பிச்சது, ஆனா வெறும் வெயில் கேமராவுல குழாய் மாதிரி தெரியாது, காத்துல புகை இருந்தாத்தான் தெரியும். அதுக்கு கைடு ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி மூலையில வெச்சாரு, பத்தாதுன்னு மேல்துணியை வீசி புகையைப் பரப்பினாரு. பையன் கையில மெழுகுவர்த்தியைக் குடுத்தாரு. முன்னாடி ஒரு ஓலைச்சுவடி மாதிரி ஏதோ, அதுவும் அவர் பையில இருந்து எடுத்ததுதான். நாங்க நாலு பேர் போக வேற நாட்டுக்காரங்க அஞ்சு பேர், ஆளாளுக்கு ட்ரைபாட். இந்தப் பக்கம் பாரு, கையைக் கொஞ்சம் தூக்கு, கண்ணை மூடு, இன்னொரு வாட்டி.

வெயில் நகர நகர பையனையும் நகத்திக்கிட்டே இருந்தாங்க. நான் 85 லென்ஸ் போட்டு அவன் கையை மட்டும் எடுத்துக்கிட்டிருந்தேன், மெழுகு உருகி அவன் கட்டைவிரல் மேல சொட்டுச்சு, அவன் விரலை மட்டும் லேசா மடக்கினான், முகம் அசையல, ஏன்னா அசையக்கூடாதுன்னு அவனுக்குச் சொல்லியிருக்காங்க. காஞ்ச மெழுகு ரெண்டு மூணு சொட்டு ஏற்கனவே அந்த விரல்ல இருந்துச்சு. அதை வியூஃபைண்டர்ல பாத்துட்டு நானும் "ஒன் மோர்"னு சொன்னேன். சொன்னேன் சார், அதை மறைக்க விரும்பல.

11 மணி தாண்டினதுல இருந்து சின்னவன் அடிக்கடி வாசல் பக்கம் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தான், ஒருத்தர் கோவமா "இங்க பாரு"ன்னு விரலைச் சொடுக்கினாரு. 11.40க்குத்தான் முடிஞ்சது. முடிஞ்ச அடுத்த நிமிஷம் ரெண்டு பேரும் செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு மண்ரோட்டுல ஓடினாங்க. விளையாடப் போறாங்கன்னு நினைச்சு அதையும் நான் எடுத்தேன். சாப்பாட்டுக் கடையில உக்காந்தப்போதான் கைடு சொன்னாரு, மடத்துப் பசங்களுக்கு பத்து சீலம், அதாவது கட்டுப்பாடு, அதுல ஒண்ணு மத்தியானம் 12 மணிக்கு மேல சோறு தொடக்கூடாது. அதான் ஓடறாங்க. இன்னொண்ணு கையில காசு வாங்கக்கூடாது, அதனால நீங்க யாரும் தனியா காசு குடுத்துடாதீங்க, மடத்துக்கு நாங்க குடுத்துக்குறோம்னாரு. எங்க முன்னாடி சோறும் கோழிக்குழம்பும் ஆறேழு கிண்ணத்துல தொட்டுக்கையும் இருந்துச்சு. மணி 12.15.

நான் ஏற்பாடு செஞ்சு எடுக்கிறதே தப்புன்னு சொல்லல. என் பொழப்பே அதுதான். மாப்பிள்ளை மாலையை இன்னொரு வாட்டி போடுங்க, பொண்ணு இப்படித் தலை குனிஞ்சுக்கங்கன்னு நூறு தடவை சொல்லியிருக்கேன். ஆனா அந்த ஆல்பத்தைப் பாக்கிறது அந்த வீட்டுக்காரங்க, எது நடந்தது எது நடிச்சதுன்னு அவங்களுக்குத் தெரியும், அவங்க கேட்டு, அவங்க காசு குடுத்து, அவங்க வீட்டுக்கு எடுக்கிறது. பேப்பர்ல வர்ற படம் அப்படி இல்லையே. எங்க அப்பா காலத்துல இருந்து பேப்பர்ல படம் வந்திருக்குன்னா அது நடந்திருக்குன்னு அர்த்தம். அந்த நம்பிக்கையிலதான் நாங்க காசு குடுத்து வாங்குறோம்.

அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல நான் குரூப்பை விட்டுட்டு தனியாப் போயிட்டேன். அங்க சுத்தறதுக்கு பேட்டரி ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், சத்தமே போடாது, மண்பாதையில மெதுவா போனா வயல் வழியாவே கோயில் கோயிலாப் போகலாம். கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு உங்க படத்துல வரல. கடலைக்காடு இருக்கு, எள்ளு இருக்கு, மாடு பூட்டி உழறாங்க, பனையில கலயம் கட்டி பதநீர் இறக்கி கருப்பட்டி காய்ச்சுறாங்க. ஒருத்தர் ஏணியில இருந்து இறங்கி வந்து ஒரு துண்டுக் கருப்பட்டியை உள்ளங்கையில வெச்சாரு, வாயில போட்டதும் எங்க அப்பாயி வீட்டு ஞாபகம், அதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல.

கோயில்களுக்கு நடுவுல காலியா கிடக்கிற இடத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். "மறைந்துபோன நகரம்"னு தலைப்பு குடுத்திருந்தீங்க. பழைய பகான்ல கோயில்களுக்கு நடுவுல 1990 வரைக்கும் ஊர் இருந்துச்சு சார், வீடு வாசல் எல்லாம். அப்ப இருந்த ராணுவ அரசாங்கம் ஜனங்களைக் காலி பண்ண வெச்சு தெக்க சில கிலோமீட்டர் தள்ளி வெறும் கடலைக்காட்டுல கொண்டு போய் விட்டுச்சு, அதுதான் இன்னைக்கு நியூ பகான்னு சொல்ற ஊர். நாம பாத்து அழகுன்னு சொல்ற அந்த அமைதி, ஆள் இல்லாத மண்பாதை, அதுல ஒரு பங்கு அப்படி வந்தது. தானா மறைஞ்ச நகரம்னு எழுதினா அந்த ஜனங்களுக்கு எப்படி இருக்கும்.

கோயிலும் செத்த கோயில் இல்ல. நான் போனது பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னாடி, இங்க திருவாதிரைக்குக் களிக்குச் சாமான் வாங்கிக்கிட்டிருக்கிற நேரம், அங்க ஆனந்தா கோயில் திருவிழா. சியான்சித்தா ராஜா 1105ல கட்டினதுன்னு பொதுவா சொல்வாங்க. வெளிய சந்தை மாதிரி கடைகள், மண்சட்டி, பாய், கருப்பட்டி, பலகாரம், சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து குடும்பம் குடும்பமா வந்து தங்கியிருந்தாங்க. உள்ள நாலு திசைக்கு நாலு புத்தர், நின்ன கோலம், ஒவ்வொண்ணும் 30 அடிக்கு மேல, மேல மறைவா விட்டிருக்கிற ஜன்னல்ல இருந்து வெளிச்சம் நேரா முகத்துல விழற மாதிரி கட்டியிருக்காங்க. புகையும் வேணாம் ஒண்ணும் வேணாம், அந்தக் காலத்து மேஸ்திரி பண்ணி வெச்ச லைட்டிங். தெக்கப் பாத்த புத்தர் கிட்டக்க போய் நின்னு பாத்தா முகம் கொஞ்சம் கனமா இருக்கும், பின்னாடி நகர்ந்து தூரத்துல நின்னு பாத்தா சிரிக்கிற மாதிரி தெரியும். இதைப் படத்துல காட்டணும்னா ரெண்டு படம் வேணும். நான் எடுத்தேன், ரெண்டையும் இதோட அனுப்புறேன். கீழ பாய் விரிச்சு ஒரு கிழவி சாப்பாட்டு அடுக்கைத் திறந்து பேரனுக்கு ஊட்டிக்கிட்டு, இடையில நிமிர்ந்து புத்தரைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுக்கிட்டு இருந்தாங்க. நம்ம ஸ்ரீரங்கத்துல பிரகாரத்துல உக்காந்து புளியோதரை சாப்பிடற மாதிரியேதான்.

அந்தக் கிழவிகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன். மத்தியானத்துக்கு மேல நான் எடுத்த ஒவ்வொரு முகமும் கேட்டு எடுத்ததுதான். ஸ்கூட்டர் கடைப் பையன் எழுதிக் குடுத்து சொல்லிக் குடுத்தான், "டாபோன் யை லோ யாலா", போட்டோ எடுக்கலாமான்னு அர்த்தம். டாபோன்ல முதல்ல வர்ற "டா" பாலியில இருந்து வந்த தாதுங்கிற சொல்லு, நம்ம தாதுவேதான், அந்தக் காலத்துல போட்டோன்னா கெமிக்கல்தானே. நான் சொல்ற லட்சணத்துக்கு முதல்ல சிரிச்சுட்டு அப்புறம் தலையாட்டுவாங்க. ரெண்டு பேர் வேணாம்னு கையை ஆட்டினாங்க, கேமராவை இறக்கிட்டேன். உங்க மூணாவது படத்துல கன்னத்துல தனக்கா, அதாவது மரப்பட்டையை அரைச்ச சாந்து, பூசின அம்மா முகத்தைப் பாத்தா அவங்ககிட்ட யாரும் கேட்டதாத் தெரியல, அவங்க கையைத் தூக்கறதுக்குள்ள கேமரா பட்டனை அமுக்கிட்டாங்க. ரொம்ப அழகான முகம், ஆனா அந்தக் கை பாதி தூக்கின மாதிரி இருக்கு பாருங்க, அது வேணாம்னு சொல்ற கை.

மியின்கபான்னு ஒரு கிராமம், பழைய பகானுக்கும் நியூ பகானுக்கும் நடுவுல. அரக்கு வேலைன்னு சொல்லலாமா தெரியல, மூங்கிலைச் சீவி சுத்தி கிண்ணம் மாதிரி பண்ணி, திச்சின்னு ஒரு மரத்துப் பால், கருப்பா தாரு மாதிரி இருக்கும், அதை ஒரு பூச்சு பூசி நிலவறையில காய வெச்சு, தேய்ச்சு, மறுபடி பூசி, இப்படியே பல பூச்சு, நல்ல சாமான்னா ஆறு மாசத்துக்கு மேல ஆகும். ரொம்ப உசத்தியான கிண்ணத்துக்கு மூங்கிலோட குதிரை மயிர் வெச்சுப் பின்னுவாங்க, வாயை ரெண்டு பக்கமும் அமுக்கினா ஒட்டிக்கும், விட்டா பழையபடி வட்டமாயிடும், உடையாது. இதுக்குன்னு 1924லயே பகான்ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சிருக்காங்க.

அங்க ஒரு பட்டறைத் திண்ணையில ஒரு அக்கா காலை நீட்டி உக்காந்து கிண்ணத்தை முழங்கால்ல முட்டுக் குடுத்து ஊசிமுனைக் கருவியால பூ செதுக்கிக்கிட்டிருந்தாங்க, கோடு போட்டு வைக்கல, அச்சு இல்ல, மனசுல இருந்து நேரா. கேட்டேன், சரின்னாங்க, எடுத்தேன், ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். அவங்க பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் என் கையைப் பிடிச்சு ஸ்கிரீன்ல அவங்க விரல் இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினாங்க, விரல் பூவை மறைக்குதாம், வேலை தெரியலையாம். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தவங்க எந்திரிச்சு திரும்பி உக்காந்தாங்க, கருவியைப் பிடிக்கிற விதத்தை எனக்குத் தெரியற மாதிரி சாய்ச்சுக்கிட்டாங்க, அதே பூவுக்குப் பக்கத்துல இன்னொரு இதழ் செதுக்கினாங்க, நான் எடுத்து முடிக்கிற வரைக்கும் மெதுவாவே செதுக்கினாங்க. பாத்துட்டு இப்ப சரின்னு தலையாட்டினாங்க. இதுவும் ஏற்பாடு பண்ணி எடுத்த படம்தானேன்னு நீங்க கேக்கலாம். ஆமாதான். ஆனா ஏற்பாடு பண்ணது அவங்க, அவங்க வேலை அவங்க நினைக்கிற மாதிரி ஊருக்குத் தெரியணும்னு பண்ணது. காலையில அந்தப் பையன்கிட்ட ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டணும்னு எங்க ஒம்பது பேர்ல ஒருத்தருக்கும் தோணலை. 22 வருஷமா ஒவ்வொரு கல்யாண வீட்லயும் காட்டுறேன், அங்க தோணலை.

இன்னொரு விஷயம், தமிழ்ப் பேப்பர்ங்கறதால சொல்றேன். பகான்ல ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கு, 13ம் நூற்றாண்டு எழுத்து. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்துல இருந்து, அதாவது இப்ப கேரளாவுல இருக்கிற கொடுங்கல்லூர், அங்க இருந்து போன குலசேகர நம்பிங்கிறவரு, பகான்ல இருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு, அதாவது ஒரு பெருமாள் கோயிலுக்கு, ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, எரியறதுக்கு ஒரு நிலைவிளக்கும் குடுத்தாருன்னு இருக்கு. ஆரம்பத்துல முகுந்தமாலைங்கிற சமஸ்கிருதத் துதியில இருந்து ஒரு ஸ்லோகம், அப்புறம் தமிழ். நானாதேசின்னா பல தேசத்துக்கும் போய் வியாபாரம் பண்ண நம்ம வணிகர் கூட்டம். பெருமாள் கோயில் ஒண்ணு இன்னைக்கும் அங்க நிக்குது, நட்லாங் சாவுங்னு சொல்றாங்க, தட்பின்யூ கோயிலுக்குப் பக்கத்துல, சின்னதா, உள்ள சிலைகள் நிறைய இல்லாம. மூணு மணி வெயில்ல நான் மட்டும்தான் இருந்தேன். ஒரு கதவும் ஒரு விளக்கும் குடுத்தவரோட பேரும் ஊரும் எழுநூறு வருஷத்துக்கு மேல கல்லுல நிக்குது. உங்க கட்டுரையில இதுக்கு ரெண்டு வரி குடுத்திருந்தா நம்ம பசங்க எத்தனை பேர் தெரிஞ்சுக்கிட்டிருப்பாங்க.

சாயங்காலம் மத்தவங்க ஆத்தங்கரையில படகுகளைப் படம் எடுக்கப் போயிட்டாங்க. நான் தம்மாயாங்யி பின்பக்கம் நின்னேன், ரெண்டு செங்கலுக்கு நடுவுல ஊசி நுழையாதுன்னு சொல்ற கோயில், நிஜமாவே நகத்தை வெச்சுப் பாத்தேன், பல இடத்துல போகல. ஆட்டுமந்தை ஒண்ணு வீடு திரும்புது, காலடியில தூசி கிளம்பி பேக்லைட்ல பொன்னிறமாத் தொங்குது, ஓட்டிட்டு வந்த தாத்தா வாய் நிறைய வெத்தலை, கேமராவைப் பாத்ததும் நின்னு லுங்கியை இறுக்கிக் கட்டிக்கிட்டு நேரா போஸ் குடுத்தாரு. ஒரே படம். நல்ல படம்.

நான் கேக்கிறது பெரிசா ஒண்ணும் இல்ல சார். வெளியூர்ல இருந்து வாங்கிப் போடற படம்னா எடுத்த வருஷத்தைக் கேட்டுப் போடுங்க. பர்மாவுக்கு அது இன்னும் முக்கியம், 2021 பிப்ரவரில ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதுக்கு அப்புறம் அங்க நிலைமையே வேற, 2025 மார்ச்ல மண்டலே பக்கம் அவ்வளவு பெரிய நிலநடுக்கம் வேற வந்துச்சு, பழைய படத்தை இன்னைக்கு எடுத்த மாதிரி போட்டா அங்க எல்லாம் சுமுகமா டூரிஸ்ட் வந்து போய்க்கிட்டிருக்குன்னு ஜனங்க நினைப்பாங்க. ஏற்பாடு செஞ்சு எடுத்ததுன்னா ஏற்பாடு செஞ்சதுன்னு போடுங்க, ரெண்டு வார்த்தைதானே, இடம் இருக்கு. படம் எடுத்தவர்கிட்ட பேர் கேளுங்க, அவர் பேர் இல்ல, படத்துல இருக்கிறவங்க பேர். சின்னப் பசங்க படம்னா கொஞ்சம் கூடுதலாவே விசாரிங்க.

இதோட அஞ்சு படம் வெச்சிருக்கேன், காசு ஒண்ணும் வேணாம். ஆனந்தா புத்தர் ரெண்டு, அரக்கு செதுக்கிற அக்கா ஒண்ணு, ஆட்டுக்காரத் தாத்தா ஒண்ணு. அஞ்சாவது என் ஸ்டூடியோ சுவத்துல இருந்து இறக்கினது. அதுக்குக் கீழ போடறதுக்கு நானே எழுதி வெச்சிருக்கேன், அதை மட்டும் ஒரு எழுத்து கூட மாத்தாம போடுங்க:

"பகான், 2020 ஜனவரி. போட்டோகிராஃபர்களுக்காக ஏற்பாடு செய்து எடுத்தது. சிறுவன் இப்படி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அவன் பெயரை நான் கேட்கவில்லை."

இப்படிக்கு,
உங்க பேப்பரை 30 வருஷமா வாங்குற ஒரு கல்யாண போட்டோகிராஃபர்,
திருச்சி.